செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்

கிசுமுவில் மதிய மழை பிடித்துக்கொண்டால் வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் கடைக் கூரைகளுக்குக் கீழே ஒதுங்கிவிடுவார்கள். அப்புறம் யார் கெஞ்சினாலும் வண்டியை எடுக்கமாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை அபோண்டி கிபுயே சந்தைக்கு எதிரே முக்கால் மணி நேரம் நின்றாள். லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றாள். கூட்டம் மூன்று மணிக்குத்தான். அவளுக்கு வேண்டியிருந்தது கூட்டத்துக்கு முந்தைய அரை மணி நேரம். அது போய்விட்டது.

அந்த அரை மணி நேரத்தில் அவள் என்ன செய்வாள் என்று யாருக்கும் தெரியாது. பதினான்கு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் எல்லோருக்கும் முன்னால் வந்து, காவலாளியிடம் சாவி வாங்கி, சர்ச் ஹாலின் ஜன்னலோரம் உட்காருவாள். லேப்டாப்பைத் திறப்பாள். செத்துப்போன கணவன் எழுதிய கடிதங்களில் ஒன்றைப் படிப்பாள். ஒன்றே ஒன்று. பிறகு மூடிவிட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட ஆரம்பிப்பாள்.

கடிதம் என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். கூட்டத்தில் அதற்குப் பெயர் பதிவு.

ஊரில் கணினிக்கு நிரல் எழுதத் தெரிந்தவர்களும், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்களுமாக இருபது பேர் சேர்ந்த கூட்டம் அது. ஆறு வருடங்களுக்கு முன் அதை ஆரம்பித்தவன் ஒபூரா, அபோண்டியின் கணவன். வெறுமனே பேசிக் கலைந்தால் போதாது, யாருக்காவது பயன்படுகிற ஒன்றைச் செய்வோம் என்று அவன் சொல்ல, ஏரிக்கரை ஊர்களில் எந்த மருத்துவமனை எந்த நாளில் திறந்திருக்கும், எந்த டாக்டர் எப்போது வருவார் என்று சொல்லும் இணையதளம் ஒன்றைக் கட்டினார்கள். அதில் யார் எதை மாற்றினாலும், எப்போது, ஏன் மாற்றினோம் என்று ஒரு பதிவு எழுதி வைக்கவேண்டும். கிட் என்ற கருவி அந்தப் பதிவுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய நிலைக்குத் திரும்பவேண்டுமானால் திரும்பவும் வழிவிட்டு, பத்திரமாக வைத்திருக்கும். உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் கிசுமுக் கூட்டத்தில் ஒபூரா ஒரு வழக்கத்தைச் சேர்த்தான். பதிவைச் சுவரைப் பார்த்து எழுதக்கூடாது, ஆளைப் பார்த்து எழுதவேண்டும். யாராவது ஒருவருடைய பெயரைச் சொல்லி அழைத்துத்தான் ஆரம்பிக்கவேண்டும்.

மற்றவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். ஒபூரா மட்டும் எப்போதும் பெண்டாட்டிக்குத்தான் எழுதினான்.

'நியார் கெம், இந்தப் பொத்தானைப் பச்சையாக்கியிருக்கேன். நேத்து நீ போட்டிருந்த கவுனைப் பார்த்துத்தான். ஜாவோகோ கேட்டா, கண்ணுக்கு இதமா இருக்கும்னு சொல்லிடு.'

கெம் ஊரின் மகள் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் அப்படித்தான் கூப்பிட்டான். அவன் போனபிறகு அந்தப் பெயரும் வாயற்றுப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். கூட்டத்தில் அபோண்டி அக்கா. வீட்டில் கூப்பிட ஆளில்லை.

அவன் உயிரோடு இருந்தபோது சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பாள். "நான் எழுதினதைப் படிச்சியா?" என்று கேட்பான். "படிச்சேன், படிச்சேன்" என்பாள். படித்ததில்லை. தாள்கள் இருந்தன, அடுப்பில் கஞ்சி இருந்தது, அவனும் எதிரிலேயே இருந்தான். எதிரில் இருக்கிறவனின் எழுத்தை எதற்குப் படிக்கவேண்டும்?

அடக்கம் முடிந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை எண்ணிப் பார்த்தாள். அவன் பெயரில் நூற்று நாற்பத்து மூன்று பதிவுகள் இருந்தன. எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப்போனால் ஒரே மூச்சில் படித்துத் தீர்த்துவிடுவாள் என்று அவளுக்கு அவளையே தெரியும். தீர்ந்துவிட்டால் அப்புறம்? அதனால் பழையதிலிருந்து வரிசையாக, வாரத்துக்கு ஒன்று. ஐம்பத்தெட்டு படித்திருந்தாள். இன்னும் எண்பத்தைந்து சனிக்கிழமைகளுக்கு அவன் பேசுவான் என்பது, கடவுளுக்கு அடுத்தபடியாக, அவளை நிமிர்த்தி வைத்திருந்தது.

மழை விட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது.

ஹாலில் வேலை செய்கிற பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். அதன் பக்கத்து நாற்காலி ஒபூராவுடையது. யாரும் அதில் உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பாயிண்டிலிருந்து வயரை இழுத்து நீட்டிக்கொண்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்களே தவிர, அந்த நாற்காலியைத் தொடவில்லை.

கூட்டத்தை நடத்துகிறவன் ஜாவோகோ. நல்ல பையன், வாய்தான் அடங்காது. எழுந்து நின்று கண்ணை மூடினான். "ஆண்டவரே, மழைக்கு நன்றி. கரண்டுக்கும் நன்றி. அதைக் கூட்டம் முடியிற வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கும். அபோண்டி அக்கா நனையாம வந்ததுக்கும் நன்றி. ஆமென். மண்டாசி ஆளுக்கு ரெண்டுதான், பார்த்துட்டே இருக்கேன்."

அன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். புசியாவிலிருந்து வந்து நர்ஸ் படிப்புப் படிக்கிறவள், பெயர் நஃபூலா. பெயரைச் சொன்னாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நான் புரோகிராம் கத்துக்க வரலை. சண்டை போட வந்தேன்."

"அப்படிப் போடு!" என்றான் ஜாவோகோ. "ஆறு வருஷத்துல முதல் சண்டை. சொல்லும்மா."

"உங்க வெப்சைட்ல ந்யாமாரே கிளினிக் செவ்வாய்க்கிழமை திறந்திருக்கும்னு போட்டிருக்கு. என் தங்கச்சிக்கு ஜுரம். எட்டு கிலோமீட்டர் முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போனேன். பூட்டு தொங்குது. பக்கத்துல வெங்காயம் விக்கிற அம்மா சொல்றாங்க, ஒண்ணரை வருஷமா செவ்வாய்க்கிழமை திறக்கிறதே இல்லையாம்."

ஹாலில் யாரும் மண்டாசிப் பணியாரத்தை மெல்லவில்லை.

"தங்கச்சி?" என்று அபோண்டி கேட்டாள்.

"நல்லாயிருக்கா, கடவுள் புண்ணியம். மறுநாள் வேற இடத்துல ஊசி போட்டாங்க. ஆனா யாரு அதை எழுதினாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"நல்ல கேள்வி" என்றான் ஜாவோகோ. "கருவி இருக்கிறதே அதுக்குத்தான். எந்த வரியை யார் எழுதினா, என்னைக்கு எழுதினா, ஏன் எழுதினா, எல்லாம் உள்ளேயே இருக்கு. அக்கா, நீங்களே காட்டுங்க. புதுசா வந்தவங்களுக்கும் பாடமாச்சு."

அபோண்டி லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டினாள். சர்ச் அலமாரிக்குள் கூட்டத்தின் சின்னக் கணினி ஒன்று இருந்தது, சோப்புப் பெட்டி அளவு. இணையதளத்தின் மூலப்பிரதி அதில்தான். மழையில் நின்றதால் அன்று தனியாகத் திறந்து பார்க்க முடியாததை அவள் இப்போது எல்லோர் முன்னாலும் திறந்தாள். பதிவுகளைப் பட்டியலிடச் சொல்லி ஒரு வரி தட்டினாள்.

சுவரில் பட்டியல் விழுந்தது. ஒரே ஒரு பதிவு இருந்தது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

'எல்லோருக்கும், மெமரி கார்டைச் சுத்தம் பண்ணி மறுபடி ஏத்தியாச்சு. ஜாவோகோ.'

அவள் இன்னொரு முறை தட்டினாள். தவறாகத் தட்டியிருப்போம் என்று மூன்றாம் முறையும் தட்டினாள்.

"ஓ, அதுவா?" ஜாவோகோ தலையைச் சொறிந்தான். "புதன்கிழமை கார்டு நிரம்பிப்போய் மெஷின் படுத்துருச்சுக்கா. கார்டை அழிச்சுட்டு என்கிட்ட இருந்த பிரதியை அப்படியே திரும்ப ஏத்தினேன். ஒவ்வொருத்தர் பிரதியும் முழுப் பிரதிதானே? ஒரு வீடு எரிஞ்சாலும் மத்த இருபது வீட்டுல இருக்கும்னு நானே எத்தனை தடவை..."

பாதியில் நின்றான். அவன் கண் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குப் போயிற்று. எல்லோர் கண்ணும் போயிற்று.

அந்தத் தாளை எழுதியது ஒபூரா. சாய்ந்த கையெழுத்து. கூட்டம் ஆரம்பித்த நான்காம் மாதத்தில் ஒட்டியது. அப்போதெல்லாம் மூலப்பிரதி வாடகைக்கு எடுத்த வெளிநாட்டுக் கணினியில் இருந்தது. படிக்கிற பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனில் டேட்டா போட்டு அதை இறக்கினார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் எழுதினான்: 'மேல் அடுக்கை மட்டும் எடுங்கள். பழைய பதிவுகள் வேண்டாம். டேட்டாவுக்கு வைத்திருக்கிற காசில் சாப்பிடுங்கள்.' அதற்குக் கீழே தட்டவேண்டிய கட்டளை. சின்னக் கணினி வந்து, டேட்டா தேவையில்லாமல் போனபிறகும், புதிதாக வந்த ஒவ்வொருவரும் அந்தத் தாளைப் பார்த்தே தட்டினார்கள். ஒவ்வொருவர் பிரதியிலும் மேல் அடுக்கு மட்டும்தான். ஜாவோகோவிடமும் அதுதான். அபோண்டியிடமும் அதுதான்.

லேப்டாப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உதடுகள் ஒவ்வொன்றாகப் பிதுங்கின.

"போகட்டும், சைட் ஓடுது இல்ல?" என்றான் ஜாவோகோ, சிரிக்கப் பார்த்து. "பழைய அழுக்கு போச்சுன்னு நினைச்சுக்குவோம்."

"ஒபூரா எழுதினதெல்லாம் அதுலதான் இருந்தது" என்றாள் அபோண்டி. குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

ஜாவோகோவின் முகத்திலிருந்த சிரிப்பை யாரோ துணியால் துடைத்ததுபோல் ஆயிற்று. அவளுடைய சனிக்கிழமைகளைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் எதையோ மிதித்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது.

அடுத்துப் பேசியது சண்டை போட வந்தவள்தான். "அக்கா, இந்தத் தாளை ஒட்டறதுக்கு முன்னாடி யாராச்சும் எடுத்திருப்பாங்களே? அவங்க இதைப் பார்த்திருக்க மாட்டாங்களே?"

முதல் மூன்று மாதம் கூட்டத்தில் ஐந்தாறு பேர்தான். யோசித்தார்கள். ஒருத்தி நைரோபி போய்விட்டாள், அவள் மெஷின் திருட்டுப்போயிற்று. இன்னொருவன் லேப்டாப்பை விற்றுவிட்டான். ஒபூராவுடையது ஆஸ்பத்திரிச் செலவுக்கே போய்விட்டது.

"மியூசியம்!" என்று ஜாவோகோ கத்தினான். கத்திய உடனே தலையைத் தொங்கப்போட்டான்.

மியூசியம் என்பது அவன் வைத்த பெயர். ஆளின் பெயர் ஒடுண்டோ. ஒபூராவின் சொந்த ஊர்க்காரன், சின்ன வயதிலிருந்து சிநேகிதன், டுங்கா கரையில் போன் பழுது பார்க்கிறவன். அவனுடைய லேப்டாப் கண் விழிக்கப் பத்து நிமிடம் ஆகும். பேட்டரி செத்து வருடங்களாயிற்று, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அது விழிப்பதற்குள் ஜாவோகோ ஒரு ஜோக் சொல்லி முடிப்பான், ஹால் சிரிக்கும். முதலில் ஒடுண்டோவும் சேர்ந்து சிரித்தான். பிறகு வாரம் விட்டு வாரம் வந்தான். பிறகு வரவேயில்லை. அவன் வராததை ஒபூரா ஒருவன்தான் கவனித்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் அபோண்டி எல்லோரோடும் ஜெபம் சொன்னாள். மன்னிப்பைப் பற்றிய வரி வந்தபோது அவள் வாய் நின்றுவிட்டது. மற்றவர்கள் கடந்து போய்விட்டார்கள், அவள் அங்கேயே நின்றாள். புதன்கிழமை ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் என்ன என்ற கேள்வி தொண்டையில் மீன்முள்போலக் குத்திக்கொண்டிருந்தது.

வெளியே வந்தால் ஜாவோகோ. மோட்டார் சைக்கிளைத் துடைத்து நிறுத்தியிருந்தான். கையில் இரண்டு ஹெல்மெட்.

"இது என் தங்கச்சியோடது. உள்ள புதுத் துணி வெச்சுத் தெச்சிருக்கேன்க்கா, உங்க பின்னல் கலையாது." அவன் கண்கள் தூங்காத கண்களாக இருந்தன. "ராத்திரி பூரா அந்தக் கார்டைத் தோண்டிப் பார்த்தேன். ஒண்ணும் மிஞ்சலை. என்னைத் திட்டுங்க. எதாச்சும் சொல்லுங்க. நீங்க பேசாம இருக்கிறதுதான் தாங்கலை."

அவள் தையலைப் பார்த்தாள். ஆண்பிள்ளை போட்ட தையல், கோணல்மாணல். விட்டுப்போன வரியை அவள் வாசலில் நின்று மனசுக்குள் சொல்லி முடித்தாள். "வண்டியை எடு. குழியில விட்டா அப்ப திட்டறேன்."

டுங்காவில் கரண்ட் இல்லை.

ஒடுண்டோவின் கடை தகரக் கொட்டகை. கல்லாவுக்குப் பின்னால் கண்ணில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. "அண்ணி! வாங்க, வாங்க." பின்னால் வந்தவனைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தான். "இவரும் வந்திருக்காரா. மியூசியத்துக்கு இன்னைக்கு டிக்கெட் இல்லையே."

"ஓமேரா," என்றான் ஜாவோகோ. சகோதரா என்று கூப்பிடுகிற சொல்தான், ஆனால் அவன் வாயில் அது இவ்வளவு சின்னதாக வந்து யாரும் கேட்டதில்லை. "உன்னை அப்படிக் கூப்பிட்டது தப்பு. ரெண்டு வருஷம் கழிச்சு, தேவைன்னு வந்தப்பறம் சொல்றேன், அதுவும் தப்புதான். ரெண்டுக்கும் சேர்த்து மன்னிச்சுக்க."

ஒடுண்டோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "சாப்பிட்டாச்சா?" என்றான்.

அபோண்டி நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் கை தாடையைத் தடவிக்கொண்டே இருந்தது. "இருக்கு அண்ணி. ஒபூரா பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்ததுலேர்ந்து அப்படியே இருக்கு. கூட்டத்துக்கு வந்த வரைக்கும் புதுசு புதுசா சேர்த்துட்டேதான் இருந்தேன். போன மாசம் பாட்டு ஏத்த இடமில்லைன்னு அழிக்கப் போனேன்."

"அழிச்சியா?" ஜாவோகோ கல்லாவைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லை." கவிழ்ந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தான்.

லேப்டாப்பை எடுத்து வைத்தான். கறுப்புப் பெட்டி, ஒரு மூலையில் கயிறு கட்டியிருந்தது. கரண்ட் இல்லாமல் அது வெறும் பெட்டி. மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, கூரையில் தொங்கிய பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒடுண்டோவின் மனைவி தட்டில் கூவோன் களியும் வறுத்த மீனும் கொண்டுவந்து வைத்தாள். ஜாவோகோ சாப்பிட்டான். அபோண்டிக்கு இறங்கவில்லை. ஏரியில் ஆகாயத்தாமரை ஒதுங்குவதும் விலகுவதுமாக இருந்தது.

பக்கத்துக் கடை சலூன். அங்கே மட்டும் ஒரு சின்ன ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒடுண்டோ போய்க் கேட்டான். சலூன்காரி பெரில் இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டையும் இழுக்காது. ட்ரையரை நிறுத்தினாத்தான் உன் பெட்டி ஓடும். உள்ள ஆள் உக்காந்திருக்காங்களே."

ட்ரையர் குடத்துக்குக் கீழே பாதி ஈரத்தலையோடு இருந்த வாட்டசாட்டமான அம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

"இவங்க வீட்டுக்காரர் எழுதி வெச்சுட்டுப் போனது அந்தப் பெட்டியில இருக்காம்."

அம்மாள் அபோண்டியைப் பார்த்தாள். அவளே குடத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பிடுங்கு, பிடுங்கு. என் தலை எங்க ஓடிப்போயிடப் போகுது? எனக்கும் போனவர் ஒருத்தர் இருக்காரு. ஒரு சீட்டுகூட எழுதி வெக்கலை." துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

வயர் சுவரைத் தாண்டி வந்தது. பெட்டி முனகி, இருமி, பத்து நிமிடம் எடுத்து விழித்தது. அன்று அந்தப் பத்து நிமிடத்தில் ஜாவோகோ வாயைத் திறக்கவில்லை.

பட்டியல் வந்தது. திரை நிறைய, அதற்குக் கீழேயும். நியார் கெம், நியார் கெம், நியார் கெம் என்று அவள் பெயர் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே போயிற்று. அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாவோகோ வெளியே போய் ஏரியைப் பார்த்து நின்றான்.

எண்ணினார்கள். ஒபூராவின் பதிவுகள் நூற்றுப் பதினேழு. ஒடுண்டோ கடைசியாகக் கூட்டத்துக்கு வந்த நாளோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு எழுதிய இருபத்தாறு இல்லை. அவள் கடைசியில் படிக்கலாம் என்று வைத்திருந்த இருபத்தாறு. உடம்பு விழுந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் எழுதியவை. அவற்றில் என்ன இருந்தது? பொத்தானின் நிறமா, வேறு ஏதாவதா? அது இனி யாருக்கும் தெரியாது. படிச்சேன், படிச்சேன் என்று சொன்ன நாட்களில் நிஜமாகவே படித்திருக்கலாம்.

"ஒண்ணு சொல்லணும் அண்ணி" என்றான் ஒடுண்டோ. "அனுப்பாதது ஒண்ணு இருக்கு."

"என்ன அனுப்பாதது?"

"ஒபூரா சாகறதுக்கு மூணு வாரம் முன்னாடி இங்க வந்தான். நீ ஏன் வர்றதில்லைன்னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லலை, அவனுக்கே தெரியும். ந்யாமாரேல ஒரு போன் ரிப்பேருக்குப் போனப்ப கிளினிக் பூட்டியிருந்ததுன்னு பேச்சுவாக்குல சொன்னேன். அப்ப நீயே மாத்துன்னு உக்காத்தி வெச்சுட்டான். மாத்தினேன். பதிவை மட்டும் அவன் எழுதினான், என் மெஷின்ல. நீயே வந்து அனுப்புடான்னு சொல்லிட்டுப் போனான். நான்..." பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "அவன் போயிட்டான். என் பிரதி பழசு. அனுப்பினா உங்க புதுசோட மோதும், மறுபடி சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன். அழிக்கவும் மனசு வரலை. அந்தப் பொண்ணு தங்கச்சியைத் தூக்கிட்டு நடந்தாளே, அது என்னாலதான்."

"உன்னால இல்லை. என்னால" என்று வாசலிலிருந்து ஜாவோகோ சொன்னான்.

ஒடுண்டோ லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

'நியார் கெம், மேல ஒடுண்டோ பேர் வரும், ஏமாந்துடாதே, எழுதறது நான்தான். ந்யாமாரே கிளினிக் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்னு மாத்தியிருக்கு. மாத்தினது அவன். நான் பக்கத்துல உக்காந்து மீன் சாப்பிட்டேன். உப்பு போட்ட மீன். டாக்டர்கிட்ட சொல்லாதே. இதை அவனே வந்து அனுப்பட்டும், அவசரப்படுத்தாதே. நீ இதைப் படிக்கிறேன்னா அவன் கூட்டத்துக்குத் திரும்பி வந்துட்டான்னு அர்த்தம். அவனுக்கு நல்ல நாற்காலியாப் பார்த்துப் போடு.'

அவள் ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படிக்கவில்லை. ஆறிப்போன மீன் தட்டைப் பக்கத்தில் இழுத்து, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். நல்ல உப்பு.

"பொய் சொல்லியிருக்கார்" என்றாள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு. "அன்னைக்கு வீட்டுக்கு வந்து, பசியே இல்லை, மதியம் வெறும் கஞ்சிதான்னாரு."

"மூணு மீன் அண்ணி" என்றான் ஒடுண்டோ.

வாசலில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் முதலில் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. இடையில் வந்த செவ்வாய்க்கிழமைக்கு ந்யாமாரே போகவேண்டாம் என்று ஜாவோகோ தளத்தின் முகப்பில் ஒரு அறிவிப்பு மட்டும் போட்டிருந்தான். அபோண்டி வழக்கம்போல இரண்டரை மணிக்கு ஹாலைத் திறந்தாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஐம்பத்தொன்பதாவதை அடுத்த வாரம் படித்துக்கொள்ளலாம், அது எங்கும் போகாது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். ஜாவோகோ வந்ததும் சுவரிலிருந்த தாளைக் கிழிக்கப் போனான்.

"விடு" என்றாள். "பிள்ளைங்க இன்னும் பசியோடதான் வருது. அவங்க மேல் அடுக்கையே எடுக்கட்டும்." பேனாவை எடுத்து, சாய்ந்த கையெழுத்துக்குக் கீழே நிமிர்ந்த கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'முழுப் பிரதி ஒடுண்டோவிடம் இருக்கும். எதையும் அழிக்குமுன் அவரைக் கேட்கவும்.'

நஃபூலா தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று மணிக்குக் கயிறு கட்டிய பெட்டியோடு ஒடுண்டோ வாசலில் வந்து நின்றான். எங்கே உட்காருவது என்று தெரியாமல், கடைசி வரிசையைப் பார்த்தான்.

"பேட்டரி இல்லாத பெட்டியை வெச்சுக்கிட்டு அங்க உக்காந்தா எப்படி?" என்றாள் அபோண்டி. பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில், பதினான்கு மாதமாகக் காலியாக இருந்த நாற்காலியின் தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். "இங்க வாங்க."

ஒடுண்டோ உட்கார்ந்தான். செருகினான். பெட்டி முனகத் தொடங்கியது. பத்து நிமிடம். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஜாவோகோ மண்டாசிப் பாத்திரத்தை முதலில் அவனிடம் நீட்டினான், எண்ணிக்கை சொல்லாமல்.

திரை வெளிச்சமானதும் ஒடுண்டோ விரலை விசைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். எல்லோரையும் போல அபோண்டி அக்கா என்றோ அண்ணி என்றோ கூப்பிடாமல், பக்கத்திலிருந்து ஒருவன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதுபோல் கேட்டான்.

"நியார் கெம், அனுப்பட்டுமா?"

அவள் தலையை ஆட்டினாள். செவ்வாய்க்கிழமை மாறியது.